உறைக்கத்திகள்: திருகோணமலையில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

உறைக்கத்தி என்றால் எது?

அலகு மடங்காமல் பிடிக்குள் இறங்கி நிலையாக நிற்கும் கத்தி. காட்டுக்கத்தியும் பாளைக்கத்தியும் மீன் சந்தைப் பலகையில் கிடக்கும் கத்தியும் இந்த இனம்தான். வெளிநாட்டில் பெயரெடுத்த சில கத்திகளைப் பற்றியே கேள்விகள் அதிகம் வருவதால், அவற்றின் வரலாற்றையும் இந்தக் கரையில் அவை எப்படி உழைக்கும் என்பதையும் சேர்த்து இங்கே எழுதியிருக்கிறோம்.

மடக்குக் கத்தி சட்டைப்பைக்குள் அடங்குமே. பிறகு ஏன் இது?

மடக்குக் கத்தியில் சுழலாணி, பூட்டு, அலகு படுத்துக்கொள்ளும் பள்ளம் என மூன்று இடங்கள் உண்டு. மீன் சளி, உப்பு, மணல் எல்லாம் அந்த மூன்றிலும்தான் போய் அடையும். உறைக்கத்தியைக் கழுவித் துடைத்தால் வேலை முடிந்தது. அதோடு, பூட்டு தளர்ந்து அலகு விரலில் மடங்குகிற ஆபத்தும் இல்லை. கடல் வேலைக்கு இந்த இரண்டு காரணமும் போதும்.

போவி கத்தியை வைத்து உண்மையில் சண்டை நடந்ததா?

நடந்தது. 1827 செப்டெம்பர் 19 அன்று, மிசிசிப்பி ஆற்றில் நச்செஸ் நகருக்கு அருகே ஒரு மணல்திட்டில் இருவர் துப்பாக்கியால் மோதிக்கொள்ள ஏற்பாடாகியிருந்தது. அவர்கள் இருவரும் காயமின்றிக் கைகுலுக்கிவிட்டார்கள். கூட வந்தவர்கள்தான் அடிபட்டுக்கொண்டார்கள். அவர்களில் ஒருவரான, குண்டுக் காயத்தோடும் கத்திக்குத்தோடும் விழுந்த அமெரிக்கர் ஜிம் போவி, தன் பெரிய கத்தியால் எதிரி ஒருவரைக் கொன்றார். பத்திரிகைகள் அதை ஊதிப் பெருப்பித்தன. 1836 மார்ச் 6 அன்று டெக்சஸின் அலமோ கோட்டைச் சண்டையில் போவி இறந்ததும் பெயர் நிலைத்துவிட்டது.

இன்று போவி என்று விற்கிற கத்தியின் முனைப்பக்கம் முதுகு உள்வளைவாகச் சீவப்பட்டிருக்கும். கைக்குக் குறுக்குக் காப்பும் இருக்கும். ஆனால் அந்தக் கத்தியைத் தம்பிக்குக் கொடுத்தது தானே என்று சொன்ன அண்ணன் ரெசின் போவி, 1838இல் எழுதிய கடிதத்தில் வேறு விதமாக விவரிக்கிறார்: நீளம் ஒன்பதேகால் அங்குலம், அகலம் ஒன்றரை அங்குலம், ஒரு பக்கம் மட்டும் வாய் (வெட்டும் கூர் ஓரம்), அலகில் வளைவு இல்லை. கிட்டத்தட்ட ஒரு நல்ல இறைச்சிக் கத்தி. ஆர்கன்சோவில் ஜேம்ஸ் பிளாக் என்ற கொல்லர் செய்துகொடுத்தார் என்ற கதையும் உண்டு, அது இன்றுவரை தீராத வாதம். இப்போதைய உருவத்தைப் பரப்பியதில் பெரும் பங்கு இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் பட்டறைகளுக்கு. அமெரிக்கச் சந்தைக்கென்றே கப்பல் கப்பலாகச் செய்து அனுப்பினார்கள். பயம் எவ்வளவு பரவியது என்றால், 1837இல் அலபாமா மாநிலம் ஒரு போவி கத்திக்கு 100 டொலர் வரி போட்டது. அந்தக் காலத்தில் அது கிட்டத்தட்டத் தடைதான்.

கா-பார் கத்தியை எல்லோரும் புகழ்கிறார்களே, அதில் என்ன விசேஷம்?

அமெரிக்க மரைன் படை 1942இன் இறுதியில் ஏற்றுக்கொண்ட கத்தி இது. முதல் உலகப் போரின் அகழிக் கத்தி குத்துவதற்கு மட்டும் உதவியது. பசிபிக் தீவுகளில் பெட்டி உடைக்கவும் தகரம் திறக்கவும் குழி தோண்டவும் ஒரு கத்தி வேண்டியிருந்தது. அதற்காக வந்தது 7 அங்குல அலகும் தோல் வளையங்களை அடுக்கி இறுக்கிய பிடியும். ஈரக் கையிலும் வழுக்காத பிடி அது.

ஒரு வேடிக்கை: போர்க்காலத்தில் இதை அதிகமாகச் செய்தது கமில்லஸ் நிறுவனம். ஆனால் நியூயோர்க் மாநிலத்தின் ஓலியன் ஊரிலிருந்த யூனியன் கட்லரி நிறுவனம் தன் வணிகப் பெயரான கா-பார் என்பதை அலகின் அடியில் அடித்து வைத்ததால், யார் செய்தாலும் அந்தப் பெயரே ஒட்டிக்கொண்டது.

எங்கள் கருத்து: நல்ல கத்தி, ஆனால் இந்த ஊரில் பாடுபட்டுப் பராமரிக்க வேண்டிய கத்தி. அலகு 1095 வகைக் கரிம உருக்கு. கிட்டத்தட்ட 0.95 வீதம் கரிமம், கறளைத் தடுக்கும் அளவுக்குக் குரோமியம் இல்லை. மேலே பூசிய கறுப்புப் பூச்சு அலகைக் காக்கும், தீட்டிய வாயைக் காக்காது. தோல் பிடி வாடைக்காற்று மாதங்களில் பூஞ்சணம் பிடிக்கும், கச்சான் அடிக்கும்போது சுருங்கி வளையங்கள் அசையும். பிடிக்கு எண்ணெய் ஊறவிடாதீர்கள், தோல் தளர்ந்துவிடும். தேன்மெழுகைச் சூடாக்கி மெல்லியதாகத் தேய்த்து, துணியால் அழுத்தித் துடைத்தால் போதும்.

பிரித்தானியக் கொமாண்டோக் கத்திக்கும் இலங்கைக்கும் தொடர்பு உண்டா?

மறைமுகமாக உண்டு. ஷாங்ஹாய் நகரப் பொலிஸில் பணியாற்றிய வில்லியம் ஃபெயார்பேர்னும் எரிக் சைக்ஸும் 1940 நவம்பரில் வில்கின்சன் வாள் நிறுவனத்தோடு பேசி வடிவமைத்த இரு வாய்க் குத்துவாள் இது. 1941 தொடக்கத்தில் முதல் தொகுதி வெளிவந்தது. யப்பானுக்கு எதிரான போரில் திருகோணமலை கிழக்குக் கடற்படையின் துறைமுகம், 1942 ஏப்ரில் 9 அன்று குண்டுவீச்சும் வாங்கிய ஊர். 1944இல் சிறு படகுகளில் போய்த் தாக்கும் கொமாண்டோப் பிரிவுகளைக் கொண்ட குழுவொன்று காரைநகருக்கு அருகே ஹம்மன்ஹீல் முகாமில் தளம் வைத்திருந்தது. அந்தக் காலத்துப் பிரித்தானியக் கொமாண்டோக்களின் அடையாளமே இந்தக் கத்திதான்.

இதற்காகப் பழைய பெட்டியில் ஒன்று கண்டதும் துள்ளிக் குதிக்க வேண்டாம். போருக்குப் பிறகும் இதைத் தொடர்ந்து செய்து விற்கிறார்கள், முதல் வடிவத்தின் போலிகளும் ஏராளம். முதல் வடிவத்தில் கைக்காப்பு எஸ் எழுத்துப் போல வளைந்திருக்கும். பிந்திய மூன்றாம் வடிவத்தில் காப்பு நேராகவும், பிடி உலோக வார்ப்பாகச் சுற்று வளையங்களோடும் இருக்கும்.

வேலைக்கு? ஒன்றுக்கும் உதவாது. முனை ஊசி போல் மெலிந்தது, நெம்பினால் முறியும். பிடி உருண்டையானதால் இருட்டில் வாய் எந்தப் பக்கம் என்று கைக்குத் தெரியாது. ஒரே ஒரு காரியத்துக்காகச் செய்யப்பட்டது, அந்தக் காரியம் நமக்கு வேண்டாம். சேகரிப்பவர் அலுமாரியில் இருக்கட்டும்.

மலிவான மோரா கத்தியை அனுபவசாலிகள் தூக்கிப் பிடிப்பது ஏன்?

இந்தப் பட்டியலில் நாங்களும் முதலில் சொல்வது அதைத்தான். சுவீடனில் மோரா என்ற ஊரைச் சுற்றிக் கத்தி செய்வது குடிசைத் தொழிலாக இருந்தது. அங்கே ஃப்ரோஸ்ட் குடும்பத்தின் பட்டறை 1891இல் தொடங்கியது. 1912இல் தொடங்கிய எரிக்சன் நிறுவனமும் அதுவும் பின்னர் ஒன்றாகி இன்றைய மோராக்னிவ் ஆனது. பக்கத்து நாடான பின்லாந்தில் இதன் உறவுக்காரன் பூக்கோ. பேர்ச் மரப் பிடி, கைக்காப்பு இல்லை, சிறிய நேர் அலகு. ரொவானியெமியில் 1928இல் தொடங்கிய மார்த்தீனி பட்டறையின் பூக்கோக்கள் உலகெங்கும் போயின.

இவற்றின் இரகசியம் வாயின் சரிவில் இருக்கிறது. அலகின் பக்கத்தில் அகலமான ஒரே சரிவு, நேரே வாயில் போய் முடியும், இரண்டாவது சிறு சரிவு கிடையாது. தீட்டும்போது அந்தச் சரிவைக் கல்லில் தட்டையாகப் படுக்க வைத்தால் கோணம் தானாகவே சரியாகும். புதிதாகத் தீட்டப் பழகுகிறவருக்கு இதைவிட நல்ல வாத்தியார் இல்லை.

கம்பானியன் மாதிரியில் அலகு 104 மில்லிமீற்றர் அளவு நீளம். கறள் பிடிக்காத வகையில் அலகின் கனம் 2.5 மில்லிமீற்றர், உருக்கு 12சி27. இதில் குரோமியம் 13.5 வீதத்துக்குக் கிட்ட. பிளாஸ்ரிக் உறையின் அடியில் நீர் வடிய ஓட்டை உண்டு. குறை என்னவென்றால், அலகின் வால், அதாவது பிடிக்குள் இறங்கும் பகுதி, பிடியின் கடைசிவரை போவதில்லை. கத்தியின் முதுகில் கட்டையால் அடித்து விறகு பிளக்கிறவர்கள் பிடிக்குள் வாலை ஆட்டிவிடுகிறார்கள். விறகுக்குக் கோடரி இருக்கிறது.

ரண்டல், லவ்லெஸ் கத்திகள் ஏன் அவ்வளவு விலை?

போ ரண்டல் புளோரிடாவின் ஓர்லாண்டோக்காரர். ஒருவர் படகின் பழைய வர்ணத்தைக் கத்தியால் சுரண்டியும் அதன் வாய் கெடாமல் இருந்ததைக் கண்டு, அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்துத் தானும் செய்யத் தொடங்கினார் என்பது வரலாறு. அது வில்லியம் ஸ்கேகல் செய்த கத்தி. ரண்டல் பட்டறை 1938 முதல் இயங்குகிறது. கையால் அடித்துச் செய்வதால் பதிவு செய்தவர்கள் ஆண்டுக்கணக்கில் காத்திருக்கிறார்கள்.

பொப் லவ்லெஸ் 1950களில் தொடங்கியவர். உருக்கை அடித்து நீட்டாமல், பட்டையிலிருந்து தேய்த்தெடுக்கும் முறையைப் பெருமைப்படுத்தியவர் அவர். முதுகு முனையை நோக்கி மெதுவாகச் சரியும் வேட்டைக் கத்தி வடிவம் அவரால் உலகெங்கும் பரவியது. முனை தாழ்ந்திருப்பதால் தோலுரிக்கையில் குடலைக் குத்தாது. வாலைப் பின்னோக்கி மெலியவைத்து எடையைக் கைக்குள் சமப்படுத்தினார். 2010இல் காலமானார். கொடுக்கிற காசில் பாதி கத்திக்கு, பாதி கையெழுத்துக்கு. தொழிற்சாலைக் கத்தியில் அதே மரபின் சுவை வேண்டுமென்றால் பக் 119 போதும்: 6 அங்குல அலகு, 420எச்சி உருக்கு, பராமரிப்புக் குறைவு.

குக்ரியின் அடியில் உள்ள வெட்டு எதற்கு?

குக்ரி நேபாளத்தின் வளைந்த கத்தி. அதன் வாய் தொடங்குமிடத்திலுள்ள அந்தச் சிறு வெட்டைப் பற்றிப் பல விளக்கங்கள். பசுவின் குளம்படி என்பார்கள், நீர் பிடிக்கு வழியாமல் தடுக்க என்பார்கள். உறையிலிருந்து எடுத்தால் இரத்தம் காட்டாமல் திருப்பி வைக்கக்கூடாது என்பது வெறும் கட்டுக்கதை, நேபாளத்தில் விறகு வெட்டுவதும் இறைச்சி நறுக்குவதும் இதால்தான். 1814 முதல் 1816 வரை நேபாளத்தோடு நடந்த போரில்தான் ஆங்கிலேயர் இதன் அடியை நேரில் அறிந்தார்கள்.

நல்ல குக்ரியில் வாய் மட்டும் கடினம், முதுகு மிருது. சிவக்கக் காய்ச்சிய அலகின் வாயோரமாகக் கேத்தலால் நீர் ஊற்றித் துவைச்சல் போடுவார்கள், அதாவது சட்டென்று குளிரவைத்து இறுக்குவார்கள். உறையோடு வரும் இரண்டு சிறு கத்திகளில் கூரானது கர்தா, சிறு வேலைக்கு. மொட்டையானது சக்மக், வாயைச் சீராக்கவும் தீ மூட்டவும். உருவும்போது உறையைச் சுற்றி விரல் பிடிக்காதீர்கள். வாய்ப் பக்கத்துத் தோலை அலகு கிழித்தால் அடுத்தது விரல். முதுகுப் பக்கமாகவே பற்ற வேண்டும்.

இலங்கைக்கென்று பெயர்பெற்ற கத்தி இல்லையா?

இருக்கிறது, அதைக் கேட்பவர்கள்தான் குறைவு. கண்டி அரசின் பிஹா கெட்ட. கனத்த ஒருவாய் அலகு, அதன் மேற்பாதியில் வெள்ளி அல்லது பித்தளைப் பூவேலை, கொம்பு, தந்தம், கறுப்புப் பவளம் என்று செதுக்கிய பிடி. சிலவற்றின் உறையில் ஓலையில் எழுதும் எழுத்தாணியும் சேர்ந்திருக்கும். அரச பட்டறைகளின் கைவினைஞர்கள் செய்து, பதவியின் அடையாளமாக வழங்கப்பட்டவை. கொழும்பு தேசிய நூதனசாலையில் பார்க்கலாம். பழைய துண்டு ஒன்று கிடைத்தால் வெளிநாட்டுக்கு அனுப்பத் தொல்பொருள் திணைக்களத்தின் அனுமதி வேண்டும். தந்தப் பிடியென்றால் அனைத்துலக வணிகத் தடை வேறு குறுக்கே நிற்கும்.

உருக்கிலும் நாடு பின்தங்கியதில்லை. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றையே துருத்தியாக வைத்து இரும்பு உருக்கிய உலைகளை 1990களில் அகழ்ந்து கண்டார்கள். திரும்பக் கட்டி எரித்துப் பார்த்தபோது உயர்கரிம உருக்கு கிடைத்தது.

திருகோணமலைக்கு எந்த உருக்கு நல்லது?

கடலிலிருந்து ஒரு கிலோமீற்றருக்குள் வாழ்கிறவர்களுக்கு எங்கள் விடை சுருக்கமானது: 12சி27 அல்லது 420எச்சி. கூர் கொஞ்சம் சீக்கிரம் மழுங்கும், ஆனால் ஐந்து நிமிடத்தில் திரும்பத் தீட்டலாம். 440சி கூரை நீண்ட நேரம் வைத்திருக்கும், சாதாரணக் கல்லில் தீட்டக் கை வலிக்கும். டி2 என்று விற்பதைக் கறள் பிடிக்காதது என்று நம்பி வாங்குகிறார்கள். அதில் குரோமியம் 12 வீதத்துக்குக் கிட்ட இருந்தாலும் பெரும்பகுதி கரிமத்தோடு சேர்ந்து கார்பைட்டாகக் கட்டுண்டு கிடப்பதால், நிலாவெளிக் காற்றில் புள்ளி விழும்.

ஸ்டெயின்லெஸ் என்றால் கறளே வராது என்பதும் தவறு. குரோமியம் மேற்பரப்பில் ஒரு மெல்லிய படலத்தை உண்டாக்கிக் காக்கிறது. உப்பிலுள்ள குளோரைட் அந்தப் படலத்தைத் துளைத்தால் ஊசிக்குழி போலப் புள்ளிகள் விழும். உப்புநீர் காய்ந்து படிய விடுவதுதான் மோசம், நனைவது அல்ல.

கறள் வராமல் எப்படிப் பார்ப்பது?

கடலிலிருந்து வந்த உடனேயே நன்னீரில் கழுவுங்கள், சவர்க்காரம் ஒரு சொட்டு. கைக்காப்பும் அலகும் சேரும் இடுக்கைப் பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும், கறள் முதலில் குடியேறுவது அங்கேதான். துணியால் துடைத்துப் பத்து நிமிடம் காற்றில் வைத்த பின் எண்ணெய் பூசுங்கள். உணவுக்குப் பாவிக்கும் கத்தியென்றால் மருந்துக்கடை வெள்ளைப் பரஃபின் எண்ணெய் இரண்டு சொட்டுப் போதும். நல்லெண்ணெய் பிசினாக இறுகும். தேங்காயெண்ணெய் அவசரத்துக்குச் சரி, நாள்பட்டால் காறல் மணம் வரும்.

இனி, மிகப் பெரிய தவறு: கத்தியைத் தோலுறைக்குள் போட்டு மாதக்கணக்கில் வைப்பது. தோல் ஈரத்தையும் உப்பையும் உறிஞ்சி வைத்திருக்கும், பதனிட்ட இரசாயனமும் அலகைத் தின்னும். வீட்டில் கத்தி வெளியே, உறை தனியே.

கரிம உருக்கு அலகை மிதமாகச் சூடாக்கிய வினாகிரியில் இருபது முப்பது நிமிடம் ஊறவைத்துச் சாம்பல் நிறம் ஏற்றலாம். சிவப்புக் கறளை அது தாமதப்படுத்தும், தடுக்காது. வந்துவிட்ட மேற்கறளுக்கு எண்ணெயும் மிக நைசான இரும்புப் பஞ்சும் போதும்.

வீட்டில் தீட்டுவது எப்படி?

400, 1000, 3000 எண் கற்கள் இருந்தால் நல்லது. இல்லாவிட்டால் இரும்புக்கடைகளில் விற்கும் இருபக்கக் கல்லும் உதவும். மோராவுக்குச் சரிவைப் படுக்கவைப்பது மேலே சொன்னோம். மற்றவற்றுக்குக் கோணத்தை அளந்து பழகுங்கள்: அலகின் அகலம் 30 மில்லிமீற்றர் என்றால், முதுகைக் கல்லிலிருந்து 10 மில்லிமீற்றர் தூக்கினால் ஏறத்தாழ 20 பாகை. 8 மில்லிமீற்றர் என்றால் 15 பாகை. மீனுக்கும் இறைச்சிக்கும் 15, காட்டு வேலைக்கு 20.

ஒரு பக்கத்தைத் தேய்த்துக்கொண்டே போங்கள், மறுபக்கத்தில் வாய் நெடுகப் பிசிறு விரலுக்குத் தட்டுப்படும்வரை. பிசிறு வரும்முன் பக்கம் மாற்றுவதுதான் “எவ்வளவு தீட்டினாலும் கூர் வரவில்லை” என்பதற்கு முக்கால்வாசிக் காரணம். பிறகு மறுபக்கம், பின் நைசான கல், கடைசியில் பழைய தோல் பட்டியில் முதுகு முன்னே போகும்படி இழுப்பது. சாணைச் சக்கரத்தில் கொடுக்கும்போது கவனியுங்கள். நீர் இல்லாமல் சுழலும் சக்கரத்தில் வாய் நீலம் பூத்தால், அந்த இடத்தில் துவைச்சல் போய்விட்டது. அந்த நீலம் முழுவதையும் தேய்த்து அகற்றும்வரை அங்கே கூர் நிற்காது.

லொறி ஸ்பிரிங் பட்டையில் கம்மாலையில் செய்விக்கலாமா?

தாராளமாக. பல லொறிகளின் பட்டை 5160 போன்ற உருக்கு, கரிமம் 0.6 வீதமளவு. அடி தாங்கும், காட்டுக்கத்திக்கு உகந்தது. சிக்கல் மூன்று இடத்தில் வரும்.

பழைய பட்டையில் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகள் இருக்கும். பாவிக்காத பட்டை, அல்லது வெட்டிய மிச்சத் துண்டு கிடைத்தால் அதையே கொடுங்கள். அடுத்தது துவைச்சல். காந்தம் ஒட்டாத சூட்டுக்கும் சற்று மேலே ஏற்றி, 50 முதல் 60 பாகை சூடுள்ள எண்ணெயில் முக்க வேண்டும். பச்சைத் தண்ணீரில் முழு அலகையும் முக்கினால் இந்த உருக்கு வெடிக்கும். ஆறியதும் அரத்தால் வாயைத் தேய்த்துப் பாருங்கள். அரம் வழுக்கினால் இறுகியிருக்கிறது, கடித்தால் இல்லை. மூன்றாவதை அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள்: இறுகிய அலகைச் சமையல் அவனில் 200 பாகையில் இரண்டு மணி நேரம், ஆறவிட்டு மறுபடியும் இரண்டு மணி நேரம். இது இல்லாமல் கொடுத்த கத்தி எலும்பில் பட்டதும் கண்ணாடி போல் சில்லாகும்.

மீன் வெட்ட எது?

சூரையும் பாரையும் துண்டு போடக் கனத்த சந்தைக் கத்திதான், பெயர்பெற்ற எந்தக் கத்தியும் அதற்கு ஈடில்லை. அறக்குளாவை முள்ளிலிருந்து சதையாக எடுக்க 6 முதல் 7 அங்குல, வளைந்து கொடுக்கும் மெல்லிய அலகு வேண்டும். கா-பாரின் கனம் சதையைக் கிழிக்கும். படகில் கயிறும் வலையும் அறுக்க மோரா.

வாங்கும்போது எதைப் பார்ப்பது?

வால் பிடி முழுதும் ஓடுகிறதா என்பதை முதலில். பிடியின் ஓரத்தில் உருக்கு தெரிந்தால் முழு வால். தெரியாவிட்டால் விற்பவரிடம் கேளுங்கள், மழுப்பினால் விடுங்கள். முதுகை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து வளைவு பாருங்கள். கா-பாரில் அலகின் அடியில் ஒரு பக்கம் நிறுவனத்தின் பெயரும் ஓலியன் ஊரும் தெளிவாக அடிபட்டிருக்கும். அச்சு மங்கலாகவோ லேசரால் சுரண்டியது போலவோ இருந்தால் சந்தேகியுங்கள். ரண்டல் சொற்ப விலையில் கிடைத்தால் அது ரண்டல் இல்லை.

இடுப்பில் கட்டிக்கொண்டு திரியலாமா?

வேண்டாம். இது கடற்படைத் தளமுள்ள ஊர், சோதனை சகஜம். படகுக்கோ தோட்டத்துக்கோ போகையில் மற்ற வேலைக் கருவிகளோடு பெட்டியில் துணி சுற்றிக் கொண்டு போங்கள். கேட்டால் எந்த வேலைக்கு என்று சொல்லத்தக்கதாக இருக்க வேண்டும். விமானத்தில் கைப்பையில் அனுமதியில்லை, சரக்குப் பெட்டிக்குள் மட்டும். வெளிநாட்டிலிருந்து தருவிப்பதென்றால் காசு கட்டும் முன் சுங்கத்தில் விசாரியுங்கள், அதிலும் இரு வாய்க் குத்துவாள் என்றால் கட்டாயம் விசாரியுங்கள்.